செட்டும் குழுவும்

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் ஆய்வேட்டுக்காகக் கோவில்பட்டிப் பக்கத்துக் கரகாட்டக் கலைஞர்கள் சிலரிடம் பேசிப் பதிவுசெய்திருந்தேன். அதில் ஒரு அக்கா, இருபது வருடத்துக்கு மேல் ஆடியவர், பேச்சுக்குப் பேச்சு 'எங்க செட்டு', 'அந்தச் செட்டு', 'செட்டு கலஞ்சு போச்சு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நெறியாளர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து ஓரத்தில் 'குழு' என்று எழுதித் தந்தார். நானும் பக்கம் பக்கமாகப் போய் மாற்றினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த அக்காவிடமே ஒரு பகுதியைப் படித்துக் காட்டினேன். 'எங்கள் குழுவில் எட்டுப் பேர் இருந்தோம்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "நான் எப்ப தம்பி குழுவுல இருந்தேன்னு சொன்னேன்? குழுன்னா லோனுல்ல? வாராவாரம் கட்டணும்ல?"

சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. 1989இல் தருமபுரியில் ஆரம்பித்து, பின்னால் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவிய சுய உதவிக் குழுக்கள் கிராமத்துப் பெண்களின் பேச்சில் 'குழு' என்ற சொல்லை மொத்தமாகக் கைப்பற்றிவிட்டன. குழுவுக்குப் போறேன், குழுவுல எடுத்திருக்கேன், குழுக்காரங்க வந்துட்டாங்க என்றால் அங்கே கடனும் தவணையும் நோட்டும் கையெழுத்தும்தான் பொருள். தூய சொல் என்று நாங்கள் எடுத்து வைத்த சொல் அவருக்கு வேறொரு அலுவலகத்தின் சொல். அவருடைய சொல் எங்களுக்கு ஆங்கிலம். யார் யாருடைய மொழியைத் திருத்தினோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நெறியாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் எம்.ஏ. படித்த எல்லோருக்கும் இந்தச் சிவப்பு மை கைவந்த ஒன்று. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கத்துக்கு வடமொழி ஆதிக்கத்தை எதிர்ப்பது என்ற அரசியல் நியாயம் இருந்தது. அதே கத்தரியை ஒரு கரகாட்டக்காரியின் வாய்ச்சொல்லை நோக்கி நீட்டும்போது அது எந்த ஆதிக்கத்தை வெட்டுகிறது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

ஆங்கிலத்தில் 'செட்' லேசுப்பட்ட சொல் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் (1989) அதிக இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் இதுதான். வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள்கள். விளக்கமோ ஏறத்தாழ 60,000 சொற்கள், ஒரு நாவல் அளவு. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் 'ரன்' என்ற வினை 645 பொருள்களோடு இதை முந்திவிட்டதாகச் செய்தி வந்தது. இந்தப் பந்தயத்தைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது சொல்லின் பிறப்புக் கதை. 'செட்' ஒரு சொல் அல்ல, இரண்டு. வைத்தல், அமர்த்தல் என்ற வினை பழைய ஆங்கிலத்தைச் சேர்ந்தது. உட்காருதலைக் குறிக்கும் 'சிட்'டின் பிறவினை. ஆட்களின் கூட்டம் என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'செக்தா'வுக்குப் போகிறது. ஒருவரைப் பின்தொடர்ந்து போகிறவர்கள், ஒரு நெறியைப் பிடித்தவர்கள் என்பது அதன் பொருள். சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். ஒலி ஒன்றாகப் போனதால் இரண்டும் கலந்து, ஒன்றாக எடுத்து வைத்த பொருள்களும் ஒன்றாகத் திரிகிற ஆட்களும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டார்கள்.

கரிசலுக்கு வந்தது இந்தப் பெயர்ச்சொல்தான். வினை வரவில்லை. 'நான் செட்டினேன்' என்று யாரும் சொல்வதில்லை. பெயரை மட்டும் வாங்கி, கடைசியில் ஒரு உகரத்தை ஒட்டி (செட்டு, செட்டுல, செட்டோட) அதற்கு நம்முடைய வினைகளைக் கட்டிவிட்டோம். வேலையெல்லாம் இந்த வினைகளில்தான் நடக்கிறது. செட் போட்டால் நாடகமோ சினிமாவோ. செட் கட்டினால் மைக்செட்; வேப்பமரத்தில் குழாய் ஏறிவிட்டது என்று அர்த்தம். செட் எடுத்தால் தீபாவளித் துணி. செட்டு ஓடுதா என்றால் கிணற்றில் மோட்டார். செட்டுச் சேர்ந்தான் என்றால் பையன் கெட்டுப்போனான் என்று அம்மா புலம்பப் போகிறாள். செட் பண்ணினான் என்பதில் லேசாகத் திருட்டு வாடை உண்டு. ஆளைச் செட் பண்ணுவார்கள், சாட்சியைச் செட் பண்ணுவார்கள். கொத்தனார் 'செட்டாகட்டும்' என்றால் கலவை இறுக வேண்டும். பெண் பார்த்துவிட்டு வந்தவர் 'செட்டாகல' என்றால் அங்கே எதுவும் இறுகவில்லை.

தொல்காப்பியர் இதைக் கண்டு மலைத்திருக்க மாட்டார். கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரித்து, கூட வருகிற வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியும் என்று சொல்லிவிட்டார். உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து மரமா, விலங்கா என்று விளக்குவார்கள். நாங்கள் அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அதே இலக்கணம் வகுப்பறைக்கு வெளியே பரோட்டாக் கடையில் நடந்துகொண்டிருந்ததை யாரும் காட்டவில்லை. 'ஒரு செட்டு' என்றால் சில கடையில் இரண்டு, சில கடையில் மூன்று. விலைவாசி ஏறும்போது செட்டின் விலையை ஏற்றாமல் பரோட்டாவைச் சின்னதாக்கிய கடைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். குறிப்பானை அப்படியே வைத்துக்கொண்டு குறிப்பீட்டை மட்டும் தேய்த்துவிடலாம் என்பதை சசூர் படிக்காமலேயே அறிந்தவர்கள்!

இந்த எழுத்துக்கூட்டலுக்குள் வேறு ஆட்களும் குடியிருக்கிறார்கள். மாட்டுச் செட்டு, தகரச் செட்டு என்பதில் இருப்பது கொட்டகையைக் குறிக்கும் 'ஷெட்'. தமிழ் எம்.ஏ. முடித்த எங்களைப் பார்த்து 'செட் எழுதிட்டியா?' என்று சொந்தக்காரர்கள் கேட்பது கல்லூரி வேலைக்கான தகுதித் தேர்வை. (இந்தச் செட்டுக்குள் நுழைவது மற்ற எல்லாச் செட்டையும் விடக் கஷ்டம்.) இதற்கெல்லாம் முன்பே தமிழில் ஒரு 'செட்டு' இருந்தது. வணிகம், சிக்கனம் என்று பொருள். 'கட்டும் செட்டுமா இருக்கிறவ' என்று எங்கள் ஆச்சி சொன்னால் அது பெரிய பாராட்டு. வந்த சொல் காலி வீட்டுக்கு வரவில்லை. முன்னமே ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்குத்தான் வந்தது. பள்ளிக்கூடக் கணக்கில் இதே ஆங்கிலச் சொல்லுக்குக் 'கணம்' என்று மொழிபெயர்ப்பு. சிவகணம், பூதகணம் என்று வருகிற வடசொல்தான் அது. தூய்மை பார்க்கிறவர்கள் அதை எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை.

இனி பொருள்களாக இருக்கிற செட்டுகளுக்கு வருவோம். கரிசலில் தண்ணீர் இருக்கிற நிலம் தோட்டம்; மழையை நம்பிய மானாவாரிதான் பெரும்பகுதி. கமலையைத் தள்ளிவிட்டு ஆயில் எஞ்சினும் பிறகு மின்மோட்டாரும் வந்தபோது 'பம்புசெட்டு' என்பது எந்திரத்தின் பெயராக நிற்கவில்லை, ஒரு இடத்தின் பெயராகிவிட்டது. பம்புசெட்டுல குளிச்சேன், செட்டுல படுத்திருந்தேன் என்கிறோம். மோட்டார், அது இருக்கிற அறை, தொட்டி, வாய்க்கால் தலைப்பு, வேப்பமர நிழல் எல்லாம் சேர்ந்து செட்டு. அந்த இடத்துக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, அவருக்குச் சாதியும் உண்டு. யார் தொட்டிக்குள் இறங்கிக் குளிப்பது, யார் வாய்க்காலில் வழிகிற தண்ணீரில் குளிப்பது என்பதெல்லாம் செட்டின் பொருளுக்கு உள்ளேதான் இருக்கின்றன. அகராதிக்காரர் 'நீரேற்றும் எந்திரம்' என்று எழுதினால் இந்த இடம் முழுவதும் விடுபட்டுப் போகும்.

இதே பம்புசெட்டு ஒரு போராட்டச் சொல்லாகவும் இருந்தது. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்டார்கள். கோவில்பட்டி வட்டாரம் அதில் முன்னால் நின்றது. 1980 டிசம்பர் கடைசியில் குறிஞ்சாக்குளத்தில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. செட்டு வைத்திருந்தவர்களுக்கு அது வெற்றிதான். செட்டே இல்லாத மானாவாரிக்காரரும் கூலிக்காரரும் அந்தப் போராட்ட வரலாற்றில் எங்கே நிற்கிறார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மைக்செட்டிலும் ரேடியோ செட்டிலும் டிவி செட்டிலும் இதுதான் கதை. எந்தத் தெருவுக்கு நேராகக் குழாயைத் திருப்புவது, எந்தப் பாட்டை எந்த இடத்தில் போடுவது என்று தென்மாவட்டத்தில் நடந்த சண்டைகளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் போலீஸ் நுழைந்து அடித்து நொறுக்கியபோது உடைந்தவை வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்த தலித் குடும்பங்களின் டிவியும் டேப் ரெக்கார்டரும் மின்விசிறியும். அன்று நான் சின்னப் பிள்ளை, கேட்டும் படித்தும் அறிந்ததுதான். ஆனால் பொருளை மட்டும் உடைப்பதற்காக அவ்வளவு பேர் ஒரு ஊருக்கு வரமாட்டார்கள். வீட்டுக்குள் ஒரு 'செட்' இருப்பது எதற்குக் குறியாக இருந்ததோ அதை உடைக்கத்தான் வந்தார்கள். வொலோஷினோவ் 1929இல் எழுதிய நூலில், குறி என்பது ஒரே வர்க்கத்தின் கைப்பொருள் அல்ல, வெவ்வேறு நலன்களின் அழுத்தங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் என்ற கருத்தை முன்வைக்கிறார். கோட்பாடு படிக்கிற நம் நண்பர்கள் இதைச் சொல்லுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கிறார்கள். கொடியங்குளத்தில் அந்த அழுத்தம் லத்திக் கம்பாக இறங்கியது.

ஆட்களுக்கு வருவோம். கரிசல் கிராமத்தில் ஆட்களைக் கூட்டாகச் சொல்கிற சொற்களை எழுதிப் பாருங்கள். சாதிசனம், பங்காளி, சொக்காரன், மாமன் மச்சான், வகையறா, கீழத்தெரு, மேலத்தெரு. எல்லாம் பிறப்பை ஒட்டியவை. (வகையறா அரபு, பாரசீகம் வழியாக வந்த சொல். அதை எந்தச் சிவப்பு மையும் தொடவில்லை. பிறப்போடு ஒட்டிக்கொண்டால் அந்நியச் சொல்லும் சொந்தமாகிவிடும் போல.) பிறப்பால் சேராமல் வயதாலும் வகுப்பாலும் வேலையாலும் சேர்ந்தவர்களுக்கு என்ன சொல்? சேக்காளி உண்டு, ஆனால் அது ஒற்றை ஆள். ஜமா, கோஷ்டி என்று வெளியிலிருந்து வந்தவை உண்டு. அவற்றில் சண்டைச் சத்தம் கேட்கும். இந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் செட்டு. 'அவன் என் செட்டு', 'அண்ணன் செட்டு', 'எங்களுக்கு முந்துன செட்டு'. ஒன்றாகப் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள், ஒன்றாகத் தீப்பெட்டி ஆபீசுக்கு விடியற்காலை வண்டி ஏறியவர்கள், ஒரே மைதானத்தில் ஹாக்கி மட்டையைப் பிடித்தவர்கள். 'யாரு மகன் நீ?' என்ற கேள்விக்குப் பதிலாக 'நீ எந்தச் செட்டு?' என்று கேட்க முடிந்தது சின்ன விஷயமில்லை. இலக்கிய வரலாற்றில் மணிக்கொடிக் குழு என்று எழுதுகிறோம். தேவதச்சன், கோணங்கி, தமிழ்ச்செல்வன், உதயசங்கர் என்று கோவில்பட்டியில் கூடிப் பேசிய எழுத்தாளர்களை இந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னால் 'அந்தச் செட்டு' என்றுதான் சொல்வார். செயலாளர், பொருளாளர், தீர்மானம் எதுவும் இல்லாமல் கூடுகிற கூட்டத்துக்கு அதுதான் சரியான பெயர்.

இதை ரொம்பவும் கொண்டாடவும் முடியாது. எங்கள் பள்ளிக்கூடச் செட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். முதல் மாதம் பழைய போட்டோ, வாத்தியார் கதை, சிரிப்பு. பிறகு ஒருவன் தன் சாதித் தலைவரின் படத்தைப் போட்டான், இன்னொருவன் இன்னொருவரைப் போட்டான். ஒரே வாரத்தில் மூன்று குரூப். செட்டு பிறப்பைத் தாண்டிப் போகிற பாலம் என்று நினைத்திருந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரு அப்படியேதான் இருந்தது. பெண்களைப் பொறுத்தவரை இந்தச் சொல் இன்னும் மோசம். 'செட்டப்பு வச்சிருக்கான்' என்ற வாக்கியத்தில் எழுவாய் ஆண். ஒரு பெண் அங்கே இருக்கிறாள், ஆனால் அவளுக்குப் பெயரும் இல்லை, 'அவள்' என்ற சுட்டும் இல்லை. பொய்யாக ஜோடித்த வழக்குக்கும் செட்டப்பு என்றே பெயர்.

இப்போது அந்த அக்காவின் செட்டு. ஒரு கரகாட்டச் செட்டு என்றால் ஜோடியாகக் கரகம் ஆடுகிறவர்கள், குறவன் குறத்தி வேஷம், பபூன், நையாண்டி மேளம். மேளத்தில் நாதஸ்வரம், தவில், பம்பை, தாளம். இந்த ஆட்கள் வருடம் முழுக்க ஒன்றாக இருப்பவர்கள் அல்ல. ஒரு அம்மன் பொங்கலுக்கு ஊர்க்காரர்கள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் செட்டுக்காரர் ஆள் சேர்ப்பார். ஒரு ஊர்த் தவில், இன்னொரு ஊர்க் குறத்தி. சாயங்காலம் ஊர்ச் சாவடியில் இறங்கும்போது செட்டு, விடிந்து சம்பளம் வாங்கி பஸ் ஏறும்போது தனித்தனி ஆள். கணக்குப் பாடத்துக் கணம் நன்கு வரையறுக்கப்பட வேண்டும். எது உள்ளே, எது வெளியே என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். இந்தச் செட்டில் அது முடியாது. முடியாததுதான் அதன் இயல்பு. 'குழு' என்ற சொல்லோ உறுப்பினர், பொறுப்பு, தொடர்ச்சி எல்லாவற்றையும் கூடவே கொண்டுவருகிறது. என் ஆய்வேட்டைப் படிப்பவர், நிலையான அமைப்பாக இயங்கும் எட்டுப் பேரைக் கற்பனை செய்துகொள்வார். அப்படி எட்டுப் பேர் எங்கும் இல்லை.

பணம் பேசுவதும் செட்டுக்குத்தான். செட்டுக்கு இவ்வளவு என்று செட்டுக்காரர் பேசி முடிப்பார். 'என்ன ரேட்டுக்கா பேசினாங்க?' என்று கேட்டதற்கு அந்த அக்கா சொன்னார்: "செட்டுக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது தம்பி. எனக்கு எவ்வளவுன்னுதான் தெரியும். அதுவும் காலையிலதான் தெரியும்." ஒரு சொல் எவ்வளவு வசதியாக மறைக்கிறது பாருங்கள். ஆடும்போது செட்டு என்றால் எல்லோரும். பேசும்போது செட்டு என்றால் ஒருவர். 'செட்டு கலஞ்சு போச்சு' என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னபோது ஒரு கலை அழிகிறது என்று நான் குறிப்பெடுத்தேன். அவர் சொன்னது பாக்கிப் பணத்தை. செட்டு கலைந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? குழு என்றால் கேட்க ஒரு விலாசம் இருந்திருக்கும்.

வட்டார வழக்கை இலக்கியத்துக்குள் கொண்டுவந்ததில் இந்த மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. கி. ராஜநாராயணன் தனியாளாக ஒரு கரிசல் சொல்லகராதியே தொகுத்தார். பூமணியும் சோ. தர்மனும் உரையாடலை மட்டுமல்லாமல் கதை சொல்கிற குரலையும் கரிசல் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். ஆனால் வட்டார வழக்கு என்றால் பழைய சொல், மறைந்துபோகிற சொல், கலப்பைக்கும் மாட்டுக்கும் நெல்லுக்கும் இருந்த சொல் என்றே நம் சேகரிப்பாளர்கள் பலர் நினைக்கிறார்கள். கமலையின் ஒவ்வொரு உறுப்புக்கும் பெயர் எழுதி வைத்திருக்கிறோம். பம்புசெட்டுக்கு எழுதவில்லை. கரிசல் பெண்கள் தீப்பெட்டி ஆபீசில் கழித்த ஆயுளில் எத்தனை ஆங்கிலச் சொற்களை உகரம் ஒட்டிச் சொந்தமாக்கினார்கள் என்பதற்குப் பட்டியல் கிடையாது. நாட்டுப்புறம் என்பது ஆங்கிலம் வருவதற்கு முந்தைய நாளோடு நின்றுவிட வேண்டும் என்ற ஆசை நமக்கு. அந்த மக்கள் அப்படி நிற்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனியும் சித்திரையும் ஒன்றுமில்லாமல் போயின. கரகாட்டக்காரர்களுக்கு வருடத்தின் சம்பாத்தியமே அந்த இரண்டு மூன்று மாதம்தான். அந்தச் சமயத்தில் அந்த அக்கா போன் செய்தார். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007இல் ஏற்படுத்திய நலவாரியத்தில் செட்டாகப் பதிய முடியாது, ஆள் ஆளாகத்தான் பதிய வேண்டும். இத்தனை வருடம் ஆடியதற்கு ஏதாவது அத்தாட்சி வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நீங்க எழுதுன புத்தகத்துல என் பேரு இருக்கும்ல தம்பி? அந்தப் பக்கத்த மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தாங்க."

பரணில் இருந்து ஆய்வேட்டை இறக்கிப் பின்னிணைப்பைப் புரட்டினேன். 'தகவலாளர் பட்டியல்' என்ற தலைப்புக்குக் கீழே, அந்தக் கரகாட்டத்துக்கு நேராகச் செட்டுக்காரர் பெயர் இருந்தது. அதை அடுத்து, நானே தட்டச்சு செய்தது: 'மற்றும் குழுவினர்.'